காதை மூடினால் வாய் திறக்கும்

அட்டைப்பெட்டி ஆலையில் அவருக்கு வைத்த பெயர் சைலன்சர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. பெயர் மட்டும் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. ஆலைக்கு வெளியே மனிதர் வாயைத் திறக்க மாட்டார். தேநீரை நீட்டினால் தலையை ஆட்டுவார். வேண்டாமென்றாலும் தலையைத்தான் ஆட்டுவார். எந்தப் பக்கம் ஆட்டுகிறார் என்று கவனித்துக்கொள்வது நீட்டியவர் பாடு.

ஆனால் இயந்திரக் கூடத்துக்குள் போய்க் காதுமூடியை மாட்டிவிட்டால் ஆளே வேறு. தாளை நெளித்து, பசை தடவி, அட்டையாக்கித் தள்ளும் அந்த நீளமான இயந்திரத்தின் ஒரு முனையில் நின்று, “பசை குறையுது” என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுப்பார். மறுமுனையில் இருப்பவனின் காதுமூடியைத் துளைத்துக்கொண்டு அது போய்ச் சேரும். அந்தக் கூடத்தில் எல்லோரும் அப்படித்தான். காதை மூடினால் வாய் திறக்கும். புதிதாகச் சேர்கிறவன் முதல் வாரம் தொண்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவான். பிறகு பழகிவிடும். நன்றாகப் பழகிய பிறகு, கத்துகிறோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

அவர் மனைவி நர்ஸ். இரவு வேலை. அவருக்கு மதிய ஷிப்ட். “ஒரே கட்டிலை ஷிப்ட் போட்டுத் தூங்கற குடும்பம்” என்று ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் கேலி செய்வான். காலையில் அவள் களைத்து வரும்போது அவர் தேநீர் போட்டு வைத்திருப்பார். அந்தத் தேநீர் ஆறும் வரைதான் இருவருக்கும் பேச்சு. பேச்சு என்றால் அவள் பேசுவாள், அவர் கேட்பார். பிறகு திரையை இழுத்துவிட்டு அவள் படுத்துவிட்டால், மதியம் கிளம்பும்வரை அவர் வீட்டுக்குள் பூனை நடைதான் நடக்க வேண்டும். குழாயைக்கூட நூலாகத்தான் திறப்பார். குக்கர் விசில் அடிக்கப்போகிறது என்று தெரிந்தால் ஓடிப்போய் அடுப்பை அணைப்பார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் மின்கிடார் ஒன்று வந்து சேர்ந்ததற்கு ஃபோர்க்லிஃப்ட்காரன்தான் காரணம்.

ஆலைக்குப் புது இயந்திரம் வந்து இறங்கியிருந்தது. அதை ஓடவிடும் நாளில் கேன்டீனில் ஆலைக்காரர்களே ஒரு கச்சேரி செய்வதாகப் பேச்சு. ஃபோர்க்லிஃப்ட்காரன் டிரம்ஸ் அடிப்பான். கணக்குப் பிரிவில் இருக்கும் பெண் பாடுவாள். கிடார் வாசித்துக்கொண்டிருந்தவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அந்த இடம் காலியாக இருந்த நேரத்தில், பசைத் தொட்டி நிரம்பக் காத்து நின்ற சைலன்சரின் இடது கையை ஃபோர்க்லிஃப்ட்காரன் பார்த்துவிட்டான். தள்ளுவண்டியின் பிடிமேல் மூன்று விரல்கள் தனித்தனி இடத்தில் அழுந்தி, எழுந்து, வேறு இடத்தில் போய் உட்கார்ந்தன.

கீழே இறங்கி வந்து அவர் காதுமூடியை ஒரு பக்கம் தூக்கி, “அண்ணே, அது கிடார்ல ஜி மேஜர்தானே?” என்று கேட்டான்.

சைலன்சர் தலையை ஆட்டினார். இந்தத் தடவை எந்தப் பக்கம் ஆட்டினார் என்பதில் சந்தேகமே இல்லை. கல்யாணத்துக்கு முன்பு நண்பர்களோடு சேர்ந்து நாலைந்து மேடை ஏறியவர் அவர். பிறகு வேலை, வீடு, மகள் என்று கிடார் கையைவிட்டுப் போனது. விரல் மட்டும் போக மறுத்தது.

ஃபோர்க்லிஃப்ட்காரன் தன்னிடம் தூங்கிக்கொண்டிருந்த மின்கிடாரையும், கூடவே தலையணை அளவு பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தான். கொடுக்கும்போதே கணக்காகப் பேசினான். மூன்று பாட்டு. மூன்றும் கைக்கு வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் தரம் பார்க்கும் பிரிவுக்காரரின் மச்சான் ஒருவன் கிடாரும் கையுமாகக் காத்திருக்கிறான், அவனைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது.

மறுநாள் தேநீர் ஆறுவதற்குள் சைலன்சர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டு நாளாயிற்று. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாசிங்க. யாரு வேண்டாம்னா? ஆனா நான் தூங்காம போனா மருந்துச் சீட்டுல எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியும். ஊசி போடற கைங்க இது.”

“ஒரு நாள் உன் தூக்கம் கெட்டாலும் கிடாரைத் திருப்பிக் குடுத்துடறேன்” என்றார் அவர்.

“பாப்போம்” என்று சொல்லிவிட்டு அவள் படுக்கப் போனாள். அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் கவலையும்கூட.

அட்டைப்பெட்டிக்காரனுக்கு எல்லா நோய்க்கும் அட்டைப்பெட்டிதான் மருந்து. ஆலையில் கழித்துப்போட்ட கெட்டி அட்டைகளை வாங்கிவந்து, பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி என்று அடுக்கி, நடுவில் ஆம்ப்ளிஃபயரைக் குடிவைத்தார். இடுக்குகளில் பழைய துணி. மூடி போட்டு நாடா ஒட்டியபோது தானே மெச்சிக்கொண்டார். கடல் தாண்டி அனுப்பலாம், அப்படி ஒரு கட்டு. மறுநாள் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே ஒரு கம்பியை மீட்டினார். பெட்டிக்குள்ளிருந்து கிணற்றில் விழுந்த எருமையின் குரல் வந்தது. சத்தம் குறையவில்லை, அதன் முகம்தான் மாறியிருந்தது. தரை வேறு அதிர்ந்தது.

கீழ்வீட்டுத் தையல்கார அக்கா நூல்கண்டும் கையுமாக மேலே ஏறி வந்தார்.

“தம்பி, மாடு கீடு வாங்கியிருக்கீங்களா?”

எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் அவர் நின்றார்.

பிறகு மின்சாரமே இல்லாமல் வெறும் கிடாரை மீட்டிப் பார்த்தார். வீட்டுக்கு ஆபத்தில்லை, வாசிப்புக்குத்தான் ஆபத்து. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்று பேசுகிற ஆள்போல் வாய் அசைவது தெரிந்தது, வார்த்தை வரவில்லை. எந்த விரல் தப்பு செய்கிறது என்றே பிடிபடவில்லை. வெளியூரில் படிக்கும் மகள் விட்டுப்போன ஒயரில்லா ஹெட்போனை ஆம்ப்ளிஃபயரோடு எப்படியோ கோத்துப் பார்த்தார். அதில் சத்தம் கேட்டது, ஆனால் விரல் பட்ட பிறகு, ஒரு கண்சிமிட்டல் கழித்துக் கேட்டது. பந்தி எடுத்த பிறகு வரும் விருந்தாளி மாதிரி. ஒவ்வொரு சுரத்துக்கும் காத்திருந்து காத்திருந்து தாளம் நொண்டியது.

கடைசியில் சம்பளத்தில் தனக்கென்று எடுத்துவைத்திருந்ததை ஒரு உறையில் போட்டுக்கொண்டு, மதிய ஷிப்டுக்கு முன்பு இசைக்கருவிக் கடைக்குப் போனார்.

கதவைத் திறந்ததும் அவருக்கு வயது பாதியாகக் குறைந்தது. சுவர் முழுக்கக் கிடார்கள். சிவப்பு, கறுப்பு, தேன் நிறம். மரத்தின் வார்னிஷ் வாசம். கடைக்காரப் பெண் காதில் தோட்டுக்குப் பதிலாகக் கிடார் மீட்டும் வில்லை ஒன்று தொங்கியது. அவர் சொல்ல வந்ததைப் பாதியிலேயே புரிந்துகொண்டு, சாமான்களைக் கண்ணாடி மேசைமேல் பரப்பினாள். கட்டை விரல் அளவே இருந்த ஒன்றைக் கிடாரின் துளையில் நேரே செருகலாம், அதிலேயே ஹெட்போனையும் மாட்டலாம். நல்லதுதான், ஆனால் அதில் ஒரே குரல்தான். கணினி வழியாக வாசிக்கும் பெட்டி ஒன்று இருந்தது. கணினி என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளே அதை ஓரம் தள்ளினாள். மூன்றாவது, சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு குட்டிப் பெட்டி. நாலு குமிழ். ஒயர் ஹெட்போன் செருகிவிட்டால் அதன் ஒலிபெருக்கி தானாக வாயை மூடிக்கொள்ளும். உள்ளே பெரிய மண்டபத்தின் எதிரொலி இருந்தது, மழைபோல் தெளிந்த குரல் இருந்தது, மரம் அறுக்கிற குரலும் இருந்தது.

அவர் ஒவ்வொரு குமிழையும் திருகினார். திருகத் திருகப் புருவம் ஏறியது. ஆலைக்கு நேரமாகிறது என்று காலும் இன்னும் ஒரு குமிழ் என்று கையும் சண்டை போட்டன.

“இதுதான்” என்றார்.

ஹெட்போனில் இரண்டு வகை. ஒன்றின் வெளிப்பக்கம் வலை வலையாக ஓட்டை போட்டது. அது காற்றோட்டமாக இருக்கும், நேரம் போவதே தெரியாமல் வாசிக்கலாம், கொஞ்சம் சத்தம் வெளியே கசியும் என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் மற்றதை எடுத்துவிட்டார். அது முழுக்க அடைத்தது. தடித்த மெத்தை, இறுக்கமான பிடி. ஆலைக் காதுமூடிக்குக் கூடப்பிறந்ததுபோல் இருந்தது.

“கசியறதைப் போட்டுப் பாத்துட்டாவது எடுங்க சார்.”

“வெளிய சத்தம் வரக் கூடாதும்மா.” அன்று கடையில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

மறுநாள் காலை மனைவி தூங்கிய பிறகு, மகளின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். தாளம் போடும் கால் தரையில் சத்தம் எழுப்பாமலிருக்க, ஆலையிலிருந்து கொண்டுவந்த பழைய பெல்ட் ரப்பரை மடித்துக் காலடியில் போட்டார். ஹெட்போனை மாட்டினார். உலகம் அணைந்தது. வில்லையை ஆறு கம்பிகளிலும் மேலிருந்து கீழாக இழுத்தார்.

தலைக்குள் ஒரு மலை சரிந்தது. அறையில் திரைச்சீலை அசையவில்லை.

ஒற்றை ஆளுக்கு மட்டும் பெய்கிற மழை. அவர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், ஹெட்போனைக் கழற்றி அறையின் அமைதியைக் காதில் வாங்கிப் பார்த்தார், மறுபடி மாட்டினார். மறுபடி மலை. திருட்டுத்தனமாக இனிப்பு தின்னும் பிள்ளைபோல் சிரிப்பு வந்தது. இத்தனை பெரிய சத்தத்தை இத்தனை சிறிய வீட்டில் யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறோம் என்ற நினைப்பிலேயே விரல்கள் பறந்தன. முதல் பாட்டு அந்த வாரத்திலேயே கைக்குப் படிந்தது. இரண்டாவதில் ஓர் இடம், மூன்று சுரங்களை ஒரே மூச்சில் தாண்ட வேண்டிய இடம், காலை வாரிக்கொண்டே இருந்தது. விடவில்லை. தினமும் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தார்.

சின்னச் சின்ன மாற்றங்களும் நடந்தன. சாப்பாட்டுப் பையின் ஓரத்தில் அவர் வைத்திருக்கும், ஆலையில் கொடுத்த மஞ்சள் பஞ்சுக் காதடைப்பான்கள் குறைந்துகொண்டே வந்தன. மனைவி தேநீர் குடிக்கும்போது காரணமில்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். எதையும் அவர் கண்டுகொள்ளவில்லை. தலைக்குள் எந்நேரமும் இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளத்தைத் தாண்டிய நாளன்று, ஆலைக்குக் கிளம்பிப் படியிறங்கினார். தையல்கார அக்கா வாசலில் நின்று பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

“ஒருவழியா அந்த இடத்தைத் தாண்டிட்டீங்க போல தம்பி. சந்தோஷம்.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“நீங்கதானே சொன்னீங்க. தாண்டிட்டேன்டான்னு. தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.” அக்கா நூலைப் பல்லால் கடித்தார். “தினமும் ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணுவீங்க, அப்புறம் மாட்டிக்குவீங்க, அப்புறம் உங்களையே திட்டிக்குவீங்க. நேத்து எருமைன்னுகூடத் திட்டிக்கிட்டீங்க. எனக்கே பாவமா இருந்துச்சு. அந்த எண்ணிக்கைக்குத்தான் நானும் மெஷினை மிதிக்கறேன், வேலை சுறுசுறுப்பா நடக்குது.”

அவர் படியின் நடுவிலேயே நின்றுவிட்டார். காதை மூடியிருக்கிறார். வாய் திறந்திருக்கிறது. இத்தனை நாளும் ஒரு நாள் பாக்கியில்லாமல், “பசை குறையுது” என்று கத்துகிற அதே குரலில்.

அவர் ஆலைக்குப் போகவில்லை. போன் செய்து லீவு சொல்லிவிட்டு மேலே ஏறினார். படுக்கையறைக் கதவை மெல்லத் திறந்து பார்த்தார். மனைவி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். காதில் மஞ்சள் பஞ்சு துருத்திக்கொண்டு தெரிந்தது.

மதியம் கழித்து அவள் எழுந்து வந்தபோது கூடத்தில் நீளமான அட்டைப்பெட்டி ஒன்று நின்றது. மூலைக்கு மூலை நாடா. கிழியாமலிருக்கக் கைப்பிடிக்கு இரட்டை மடிப்பு.

“யாரு ஊருக்குப் போறா?” என்றாள்.

“கிடாரு.”

அவள் பெட்டியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், விஷயம் புரிந்துபோயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அக்கா சொல்லிட்டாங்களா? அவங்க வாயில எதுவும் நிக்காதே.”

முதல் நாளே விழித்துக்கொண்டதாகச் சொன்னாள். யாரோ வீட்டுக்குள் புகுந்து அடிதடி செய்கிறார்கள் என்று பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு வந்தாளாம். கதவைத் திறந்தால் இவர் கண்ணை மூடிக்கொண்டு, ரப்பரை மிதித்துக்கொண்டு, மூணு நாலு என்று முழங்கிக்கொண்டிருக்கிறார். எதிரே பூரிக்கட்டையோடு ஒருத்தி நிற்பது அவருக்குத் தெரியவே இல்லை.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா இப்படிப் பொட்டி கட்டுவீங்கன்னு தெரியாதா?” என்றாள். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க வாயைத் திறந்து சந்தோஷப்பட்டு நான் பாத்ததில்லை. அதை நிறுத்தச் சொல்லி நான் எந்த வாயால சொல்றது?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குகிறாயே, அப்படியே வைத்துக்கொண்டால் ஆகாதா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவளே சொன்னாள். நேற்று வார்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். போன் அடித்து ஓய்ந்தது அவளுக்குக் கேட்கவில்லை. பஞ்சு இனிமேல் ஆகாது.

“அப்ப திருப்பிக் குடுத்துடறேன். சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கு.”

“கொஞ்சம் இருங்க. நோயாளி செத்துட்டானா என்ன, அதுக்குள்ள துணி மூடறீங்க. சத்தம் கிடார்ல இருந்து வரலை. உங்ககிட்ட இருந்து வருது. அதுக்கு என்ன வைத்தியம்னு பாப்போம். முகம் கழுவிட்டு வர்றேன், கிளம்புங்க.”

கடையில் வில்லைத் தோடு போட்ட பெண்ணிடம் அவள் முழுக் கதையையும் சொன்னாள், பூரிக்கட்டை உட்பட. பிறகு கணவரை நாற்காலியில் உட்கார வைத்து, வார்டில் நோயாளி முன்னால் நிற்பதுபோல் நின்றாள். அடைத்த ஹெட்போனை மாட்டிவிட்டு அவரை வாசிக்கச் சொன்னாள். அவர் வாசிக்க ஆரம்பித்ததும், உதடு தெரியும்படி, சாதாரணக் குரலில் கேட்டாள்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“அட்டைப்பெட்டி!”

கடையின் கோடியில் புல்லாங்குழல் பார்த்துக்கொண்டிருந்தவர் குழலைக் கீழே போட்டார். கடைக்காரப் பெண் மேசைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்குவது தெரிந்தது. சைலன்சர் ஹெட்போனைக் கழற்றி, “என்ன ஆச்சு?” என்று மெல்லக் கேட்டார்.

இப்போது ஓட்டை போட்ட ஹெட்போன். முதல் நாள் அவர் தொட்டுக்கூடப் பார்க்காதது. காதில் வைத்தால் வைத்ததுபோலவே இல்லை. கிடார் தலைக்குள் இல்லாமல் எதிரே சற்றுத் தள்ளி நின்று பாடியது. கூடவே மின்விசிறியின் முனகல், தெருவில் போகும் வண்டி, தன் கால் தரையில் தட்டுவது எல்லாம் மங்கலாகக் கேட்டன. தன் மூச்சும் கேட்டது.

“வீட்டுல எத்தனை பேருங்க?” என்றாள் மனைவி.

“ரெண்டு பேரு. பொண்ணு வெளியூர்ல படிக்குது” என்றார் அவர், தேநீர் ஆறும்போது பேசும் அதே குரலில்.

அவள் கடைக்காரப் பெண்ணைப் பார்த்துக் கண்ணடித்தாள். “பேசறாரு. கத்தலை.”

“ஆனா இதுல கசியுமே” என்று அவர் கலங்கினார். கசிவது எவ்வளவு என்று பார்க்க அவளே குனிந்து அவர் தோளருகே காதை வைத்தாள். மூடிய டப்பாவுக்குள் வண்டு ஒன்று சுற்றுவதுபோல் கேட்டது. நாலடி நகர்ந்தாள். வண்டு இல்லை. “இதுக்கு நான் முழிச்சா வார்டுல எனக்கு வேலை குடுத்ததே தப்பு” என்றாள். அடைத்ததை எடுத்துக்கொண்டு ஓட்டை போட்டதைத் தரக் கடைக்காரப் பெண் ஒத்துக்கொண்டாள். இத்தனை சிரித்த பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஆனாலும் கடையில் செல்லும் மருந்து வீட்டில் செல்லுமா என்ற பயம் அவருக்கு இருந்தது. மறுநாள் காலை அவள் பஞ்சு வைக்காமல் படுத்தாள். அவர் நீளப்பெட்டியின் நாடாவைச் சத்தம் வராமல் கத்தியால் கீறி, கிடாரை எடுத்து, மகளின் அறையில் உட்கார்ந்தார். முதல் பாட்டு. இரண்டாவது. பள்ளம் வந்தது. வாய் தானாக மூணு என்று ஆரம்பித்தது. ஆரம்பித்ததும் அது அவர் காதிலேயே விழுந்தது. நாலை உதட்டுக்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டார். விரல் தாண்டியது. அடக்க முடியாத சந்தோஷத்தில் ரப்பரை மட்டும் ஒரு மிதி கூடுதலாக மிதித்தார்.

மூன்றாவது பாட்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து, படுக்கையறை வாசலில் நின்று கேட்டார். “சத்தம் கேட்டுச்சா?”

கதவைத் திறந்தார். அவள் வாயைத் திறந்து, காதையும் திறந்து வைத்துக்கொண்டு, லேசான குறட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படியே நின்று பார்த்தார். ஆலைக்கு நேரமாகிவிட்டது.

கீழே அக்கா குறைப்பட்டுக்கொண்டார். “என்ன தம்பி, இன்னைக்கு எண்ணவே இல்லை? எனக்கு மிதிக்கவே ஓடலை.”

புது இயந்திரம் ஓட ஆரம்பித்த நாளில், மூன்று பாட்டும் கையில் இருந்தன. தரம் பார்க்கும் பிரிவுக்காரரின் மச்சான் பார்வையாளர் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சைலன்சரின் மனைவி தூக்கத்தை முன்கூட்டியே முடித்துக்கொண்டு, முதல் வரிசையில் வந்து அமர்ந்திருந்தாள். மேடை என்றால் சாப்பாட்டு மேசைகள் நாலைச் சேர்த்துப் போட்டதுதான். ஒலிபெருக்கிகள் ஒவ்வொன்றும் ஆள் உயரம்.

ஆரம்பிக்க வேண்டிய நேரத்தில் ஃபோர்க்லிஃப்ட்காரன் மாட்டிக்கொண்டான். குச்சிகளைத் தட்டி எண்ண வேண்டியவன் அவன். மேடை என்றதும் குரல் உள்ளே போய்விட்டது. கேன்டீன் முழுக்க ஒரே இரைச்சல். அவன் ஒன்று என்று வாயசைத்தது பாடகிக்கே கேட்கவில்லை.

“அண்ணே” என்று அவன் பரிதாபமாகப் பார்த்தான்.

சைலன்சர் கம்பிகளைக் கையால் அமுக்கிக்கொண்டார். முதல் வரிசையைப் பார்த்தார். மனைவி கைப்பையைத் திறந்து, மஞ்சள் பஞ்சு இரண்டை எடுத்து, அவருக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினாள். பிறகு சிரித்துக்கொண்டே அவற்றைப் பைக்குள் திரும்பப் போட்டு மூடினாள்.

அவர் அடிவயிற்றிலிருந்து எடுத்தார்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு!”